கைமாறிய கோல்கீப்பர்கள்

கணினியில் பனி ஹாக்கி அணிகளை நடத்தும் மேலாளர் விளையாட்டுகளில் எப்போதும் சூடாக நடக்கும் பேரம், கோல்கீப்பரைக் கொடுத்து இளம் வீரர்களைத் தேர்வுசெய்யும் உரிமையை வாங்குவது. பின்லாந்துக்காரர் ரிஸ்டோ ரெமெஸ் உருவாக்கிய ‘ஈஸ்ட்சைடு ஹாக்கி மேனேஜர்’ இவ்வகையில் புகழ்பெற்றது. அந்தப் பேரத்தின் நிஜ வரலாறு கற்பனையை மிஞ்சும்.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1963-இல் மாண்ட்ரியாலில் முதல் இளையோர் தேர்வை நடத்தியது. மறு ஆண்டே பாஸ்டன் அணி, 14-வது தேர்வாக 16 வயதுக் கோல்கீப்பர் கென் டிரைடனை எடுத்தது. எடுத்த கையோடு மாண்ட்ரியாலுக்கு மாற்றியும் விட்டது. பதிலுக்கு வந்த இரு இளைஞர்களும் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

டிரைடனோ கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு நிதானமாக வந்தார். 1971-இல் வெறும் ஆறு லீக் ஆட்டங்கள் ஆடிய அனுபவத்துடன் இறுதிக்கட்டப் போட்டிகளில் இறங்கி, நடப்புச் சாம்பியனான அதே பாஸ்டனை முதல் சுற்றிலேயே வெளியேற்றினார். அவ்வாண்டு லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை மாண்ட்ரியாலுக்கு. தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கு. எட்டே பருவங்களில் ஆறு கோப்பைகள்!

மாண்ட்ரியால் மேலாளர் சாம் பொல்லாக், எதிரணிகளின் எதிர்காலத்தையே விலைபேசியவர். கலிஃபோர்னிய அணி ஒன்றிடமிருந்து முன்கூட்டியே வாங்கிவைத்த 1971-ஆம் ஆண்டுத் தேர்வு உரிமையில்தான் நட்சத்திர வீரர் கி லஃப்லேர் கிடைத்தார்.

கோல்கீப்பரை மதிப்பிடுவது இன்றும் கடினமே. 1983-இல் 199-வது தேர்வாக சிகாகோ எடுத்த செக் வீரர் டொமினிக் ஹாஷெக், 1992-இல் பஃபலோவுக்குக் கைமாறினார். அங்கே சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை ஆறு முறை வென்றார்.