ஈ.சி.ஆர் சாயங்காலத்துக்கு ஐ மேக்கப், வீடு திரும்பினதும் நைட் கேர்: கடலோரத்துக்கு ஒரு கைடு

டிசம்பர், ஜனவரி வந்தால் மாமல்லபுரத்தில் நாட்டிய விழா. தை பிறந்ததும் ஈ.சி.ஆர் முழுக்க கல்யாண ரிசப்ஷன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை வாசலில் போட்டோ எடுக்கவும் ஃப்ரெண்ட்ஸோடு கிளம்புவீங்க. எல்லாத்துக்கும் ஐ மேக்கப் உண்டு. ஆனால் கண்ணாடியில் பார்க்கும்போது பக்காவா இருந்த காஜல், ஒரு மணி நேரத்தில் கன்னத்துக்கு இறங்கிடும்.

உங்க கை மேல தப்பு இல்லை. கடலோரத்துக்கு வேற டெக்னிக் வேணும். அதைவிட முக்கியமான விஷயம், வீடு திரும்பின பிறகு நீங்க செய்யறதும், செய்யாம விடறதும்.

கடற்கரையில் மேக்கப் ஏன் கலையுது?

கடல் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாமல் தோலிலேயே தங்கும். அதோடு முகத்தில் ஊறும் எண்ணெயும் சேர்ந்ததும் மெழுகும் எண்ணெயும் கலந்து செய்த காஜல் இளகி வழியும். காற்றில் வரும் மணலும் உப்பும் கண்ணை உறுத்த, நாம தேய்ப்போம். மிச்சம் இருந்ததும் கலைஞ்சிடும்.

லைட்டும் ஒரு காரணம். சூரியன் இறங்கும் நேரத்திலும் மஞ்சள் சீரியல் லைட்டிலும் நீலம், ஊதா ஷேடுகள் மங்கலாத் தெரியும். தங்க நிறம் தோலோடு கலந்துவிடும். அதனால மாலை மேக்கப்புக்கு நிறத்தைவிட கோடுதான் முக்கியம்.

நாட்டியக் கண்கள் சொல்லும் பாடம்

பரதநாட்டியக் கலைஞர்களின் கண்ணை கவனிச்சிருக்கீங்களா? மேல் இமையிலும் கீழ் இமையிலும் தடிமனான மை, வெளி ஓரத்தில் நீளும் கோடு. இது அழகுக்கு மட்டும் இல்லை. அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் கண் பார்வையை மட்டும் 8 வகையாகப் பிரிக்கிறது. அந்த அசைவு கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியணும். அதுக்குத்தான் அந்தக் கோடு.

நமக்கு அவ்வளவு தடிமன் தேவையில்லை. ஆனால் பாடம் அதேதான். தூரத்துக்கும் மஞ்சள் லைட்டுக்கும் தெளிவான ஒரு கோடு போதும்.

ஸ்டெப் பை ஸ்டெப்: மாலை ஐ மேக்கப்

1. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க முதலில் லென்ஸை போட்டுடுங்க. மேக்கப் அதுக்கு அப்புறம்.

2. இமையில் இருக்கும் எண்ணெய், மாய்ஸ்சரைசரை டிஷ்யூவால ஒத்தி எடுங்க. ஐ பிரைமர் இல்லைன்னா, கன்சீலரை மெல்லிசா தடவி, மேல கொஞ்சம் பவுடர் போடுங்க. வழுக்காத தளம் கிடைச்சாச்சு.

3. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் நேரா கன்சீலர் போடாதீங்க, சாம்பல் பூசின மாதிரி ஆகும். மாநிறத்துக்கு முதலில் பீச் அல்லது ஆரஞ்சு கரெக்டர், அதுக்கு மேல கன்சீலர்.

4. இமை மடிப்பில் மேட் பிரவுன். இமை நடுவில் காப்பர் அல்லது பிரான்ஸ், விரல் நுனியால் தட்டித் தட்டி வைங்க. கிராஃப்ட் கடை கிளிட்டர் கண் பக்கமே வேண்டாம். காற்றடிக்கும் இடத்தில் அது கண்ணுக்குள் விழுந்து கருவிழியைக் கீறலாம்.

5. லைனர் போடும்போது கண்ணைத் திறந்து நேரா கண்ணாடியைப் பாருங்க. ஒரே இழுப்பா இழுக்காமல் சின்னச் சின்ன கோடுகளாப் போட்டு இணையுங்க. ஓரத்தில் நீளும் கோடு, புருவ நுனியை நோக்கிப் போகட்டும்.

6. காஜலை கீழ் இமை முடிக்கு வெளியே போட்டு, அதே நிற ஐ ஷேடோ பவுடரை குட்டி பிரஷ்ஷால மேல வைங்க. மெழுகை பவுடர் பிடிச்சு நிறுத்தும். வழியாமல் இருக்க இதுதான் சீக்ரெட்.

7. மஸ்காராவில் 'டியூபிங்' வகை கடலோரத்துக்கு நல்ல சாய்ஸ். முடியைச் சுத்தி மெல்லிய உறை மாதிரி ஒட்டிக்கும், வியர்வைக்கு வழியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழன்று வந்துடும்.

வெளியே இருக்கும்போது வியர்த்தால் டிஷ்யூவால ஒத்துங்க. தேய்க்காதீங்க.

காஜல் ஏன் வெளியே?

இமை விளிம்பில், முடிக்கு உள்பக்கம், மெய்போமியன் என்ற எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையா இருக்கும். மேல் இமையில் மட்டும் சுமார் 25 முதல் 40 வரை. அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காயாமல் பாதுகாக்குது. அதே விளிம்பில் தினமும் காஜல் இழுத்தால் வாய் அடைபடும். கண் உலர்வு, அரிப்பு, கண்கட்டி எல்லாம் வரலாம். விசேஷத்துக்கு ஒரு நாள் போட்டால் பரவாயில்லை, ஆனா ராத்திரி முழுசா எடுத்துடணும்.

இன்னொன்று, ஈயம். ஈய சல்பைடு கலந்த சுர்மா வகைகள் இன்னமும் லேபிள் இல்லாமல் விற்பனைக்கு வருது. நிறத்துக்காக ஈயம், ஆர்சனிக் சேர்மங்கள் கலந்த அழகுப் பொருட்களைத் தயாரிக்க இந்தியாவில் தடை இருக்கு. அதனால் தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் நம்பர், எக்ஸ்பயரி தேதி மூணும் இல்லாத மையை வாங்காதீங்க. விளக்கெண்ணெய் தீபத்தில் எடுக்கும் வீட்டு மைக்கும் இது பொருந்தும். அதில் ஈயம் சேர்க்காவிட்டாலும், கரியும் கிருமியும் கண்ணுக்குள் போகும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

காஜலையும் மஸ்காராவையும் தோழியோடகூட ஷேர் பண்ணாதீங்க. மஸ்காராவை திறந்து 3 மாதம் ஆச்சுன்னா தூக்கிப் போடுங்க.

வீட்டுக்கு வந்தாச்சு: 4 ஸ்டெப் நைட் கேர்

எவ்வளவு டயர்டா இருந்தாலும் முதல் இரண்டை ஸ்கிப் பண்ணாதீங்க.

ஒன்று, கண் மேக்கப்: முதலில் லென்ஸை கழற்றுங்க. பஞ்சில் மேக்கப் ரிமூவர் நனைச்சு, மூடிய கண் மேல் 15 விநாடி வைங்க. அப்புறம் கீழ்நோக்கி மெதுவா வழிச்சு எடுங்க. வாட்டர்புரூஃப் என்றால் எண்ணெய் கலந்த ரிமூவர் வேணும். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் கண்ணுக்குள் போகக்கூடாது. பருத் தோலா இருந்தால், முகத்தில் அந்த எண்ணெய் தங்காம கழுவிடுங்க.

இரண்டு, முகம்: கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாவோ கடினமாவோ இருக்கும். சாதாரண சோப் கடின நீரோடு சேர்ந்தால் தோலில் ஒரு படிவு நிற்கும். அதுதான் கழுவின பிறகு வரும் இறுக்கம், வறட்சி. சோப்புக்குப் பதிலா மைல்டான, நுரை குறைவான ஃபேஸ் வாஷ் போதும்.

மூன்று, மாய்ஸ்சரைசர்: துண்டால் ஒத்தி, லேசா ஈரம் இருக்கும்போதே தடவுங்க. எண்ணெய்ப் பசை தோலுக்கு ஜெல் வகை.

நாலு, சிகிச்சை க்ரீம், தேவைப்பட்டால் மட்டும்: ரெட்டினால் வெளிச்சத்தில் சிதையும், அதனாலதான் அதை ராத்திரி போடச் சொல்றாங்க. பச்சைப் பட்டாணி அளவு, வாரத்துக்கு 2 ராத்திரி என்று தொடங்குங்க. கண்ணைச் சுத்தி வேண்டாம். மறுநாள் காலை சன்ஸ்க்ரீன் கட்டாயம். கர்ப்பமா இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ ரெட்டினாலைத் தொடாதீங்க.

'ஒரே வாரத்தில் வெள்ளை' நைட் க்ரீம்: வேண்டாம், ப்ளீஸ்

இந்தக் கட்டுரையில் நீங்க ஒரே ஒரு பகுதியைத்தான் ஞாபகம் வச்சுக்கணும்னா, இதை வச்சுக்கோங்க.

கேரளாவில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை 22 பேருக்கு 'மெம்பரனஸ் நெஃப்ரோபதி' என்ற சிறுநீரகப் பாதிப்பைப் பார்த்தாங்க. அதில் 15 பேருக்கு இருந்தது அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் ஃபேர்னஸ் க்ரீம் பயன்படுத்தியவர்கள். காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது பாதரசம். அது மெலனின் உருவாவதைத் தடுத்து முகத்தை வெளுப்பாக்கும். ஆனால் தோல் வழியே உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைத் தாக்கும்.

இந்தியாவின் 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி, முகத்தில் போடும் க்ரீமில் தற்செயலாகக்கூட பாதரசம் 1 பி.பி.எம்முக்கு மேல் இருக்கக்கூடாது. லேபிளே இல்லாத டப்பாவுக்கு இந்த விதி எல்லாம் தெரியாதே! லேபிள் இருந்தால் 'கலோமல்', 'மெர்க்குரஸ் குளோரைடு' என்ற பெயர்கள் இருக்கான்னு பாருங்க. 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை மணி.

அடுத்தது ஸ்டீராய்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கி, தினமும் ராத்திரி முகத்துக்குப் போடும் க்ரீம்களில் பீட்டாமெதசோன், மொமெடசோன், குளோபெட்டசால் இருக்கான்னு பாருங்க. முதல் சில வாரம் முகம் பளிச்னு இருக்கும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், முடிகூட வளரும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டு வந்தது இதனால்தான்.

ஏற்கெனவே மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கீங்களா? திடீர்னு நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து முன்பைவிட மோசமாகலாம். டாக்டரைப் பார்த்து படிப்படியா நிறுத்துங்க. இந்தப் பக்கத்தில் இருக்கீங்கன்னா செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். போகும்போது டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க, மறைக்க வேண்டியதில்லை.

எப்போ டாக்டரிடம் போகணும்?

* மேக்கப்புக்குப் பிறகு கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல்: அன்றே கண் டாக்டர்.
* ஒரு வாரம் ஆகியும் வடியாத கண்கட்டி.
* ஃபேர்னஸ் க்ரீம் போடுறவங்களுக்கு கால், முகம் வீங்கினாலோ சிறுநீர் நுரையாகப் போனாலோ: உடனே மருத்துவப் பரிசோதனை.

மத்தபடி தைரியமா கோடு போடுங்க, ஊரே பார்க்கட்டும். ராத்திரி படுக்கும்போது மட்டும் கண் வெறும் கண்ணா இருக்கட்டும்.