குண்டுமழைக்குள் வாயில்லாச் சீவன்கள்

2008 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எங்கட நாயை அவிட்டுவிட்டுத்தான் வந்தோம். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடி வந்தது. அந்த நினைவு இருந்தபடியால்தான் லண்டனில் நடந்த இந்தக் கதை என் மனதில் பதிந்தது.

1917 இல் மரியா டிக்கின் என்ற அம்மையார் கிழக்கு லண்டன் வைற்சப்பலில், நிலக்கீழ் அறையொன்றில், ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் தொடங்கினார். அதுதான் பி.டி.எஸ்.ஏ. நிறுவனம்.

1939 செப்ரெம்பரில் யுத்தம் வந்தது. குண்டு விழும், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பயத்தில் சனங்கள் தாங்களே நாய், பூனைகளைக் கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். லண்டனில் மட்டும் முதல் கிழமையில் 4 லட்சம் வரை என்கிறார்கள்.

1940 இல் உண்மையாகவே குண்டு விழுந்தது. பி.டி.எஸ்.ஏ. மீட்புக் குழுக்கள் இடிபாடுகளுக்குள் இறங்கின; காயப்பட்டதுகளை எடுத்து மருந்து கட்டின. கூடப்போன ‘பியூட்டி’ என்ற சின்ன நாய் 63 பிராணிகளைக் காப்பாற்றியது. 1945 இல் அதற்கு டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள்.

பயத்தில் கொன்றவர்களும் சனம்தான், குனிந்து தூக்கியவர்களும் சனம்தான். எங்கட நாயையும் யாராவது தூக்கியிருப்பினம் என்று நினைத்துக்கொள்ளுறன்.