அச்சு இற்ற ஊர் வழியே ஒரு ஹெரால்டு: பழைய கார்களின் நட்டு போல்ட் வரலாறு

அச்சரப்பாக்கம் என்ற ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு வண்டி பழுதான கதை இருக்கிறது. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், விநாயகரை வணங்காமல் தேரில் ஏறிவிட்டார். தேரின் அச்சு இந்த இடத்தில் முறிந்தது. அச்சு இற்ற இடம் என்பதால் 'அச்சு இறு பாக்கம்' ஆனது என்கிறது தலபுராணம். சம்பந்தர் பதிகம் பெற்ற ஆட்சீஸ்வரர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. முறிந்த அச்சுக்கு மாற்று அச்சு எந்தக் கடையில் கிடைத்தது என்று மட்டும் புராணம் சொல்லவில்லை!

அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், சென்னைப் பக்கம் வண்டலூர் - பெருங்களத்தூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1948ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு, 1972ல் கெஸல், கடைசியாக 1985ல் ஸ்டாண்டர்டு 2000. அது ஓடவில்லை. 1988ல் கார் உற்பத்தி நின்றது. சென்னையில் அப்போது கார் பூட்டியது இவர்கள் மட்டுமல்ல. அடிசன் கம்பெனி மோரிஸ் கார்களையும், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் (பின்னாளில் அசோக் லேலண்ட்) ஆஸ்டின் கார்களையும் பூட்டின. ஆனால் மெட்ராஸின் சொந்தக் கார் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது ஹெரால்டுதான்.

ஹெரால்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1950களின் மற்ற கார்கள் பாடியும் சேசிஸும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு மட்டும் பழையபடி தனி சேசிஸோடு வந்தது. காரணம் வியாபாரம். ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்துதர ஆள் இல்லை. ஆகவே மிக்கெலாட்டி வரைந்த உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டு சேசிஸ் மேல் இணைத்தார்கள். பெட்டியில் பாகங்களாக வந்து இறங்கி இங்கே பூட்டப்படும் நாட்டுக்கு இது மிக வசதியாகப் போய்விட்டது. பானெட் முன்பக்கமாக மொத்தமாகத் திறக்கும். முன் பாதி, பின் பாதி, பக்கவாட்டு சில் எல்லாமே போல்டால் கழற்றக்கூடியவை.

கழற்ற எளிது... திரும்பப் பூட்டும்போதுதான் தெரியும் சங்கதி!

நம்மூரில் போல்ட் அளவைச் சொல்ல அழகான ஒரு சொல் உண்டு: நூல். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மூணு நூல் போல்ட் என்றால் 3/8 அங்குலம், நாலு நூல் என்றால் அரை அங்குலம். கொத்தனார் கம்பிக்கும் இதே கணக்குதான். ஆனால் நூல் என்பது தடிமனை மட்டுமே சொல்கிறது. மரை என்ன மரை என்று சொல்வதில்லை. ஒரே மூணு நூல் போல்ட் ஒரு அங்குல நீளத்தில் 16 மரையோடும் இருக்கலாம், 20 மரையோடும் இருக்கலாம், 24 மரையோடும் இருக்கலாம். மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் நட்டு மற்றொன்றில் சேராது.

ஏன் இத்தனை வகை? 1841க்கு முன்பு இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய மரையை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு அடுத்த பட்டறையின் போல்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர் பொறியாளர் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, 1841ல் ஒரு பொது முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, மேடும் பள்ளமும் உருண்டையாக. உலகின் முதல் தேசிய மரை அளவுமுறை என்று இதைச் சொல்வார்கள். ரயில்வே இதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் ரயிலும் பாலமும் போன இடமெல்லாம், இந்தியா உட்பட, விட்வொர்த்தும் போனார்.

அமெரிக்கா சும்மா இருக்குமா? 1864ல் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ், உருண்டை மரையை வெட்டுவது கடினம் என்று சொல்லி 60 டிகிரி தட்டை மரையைக் கொண்டுவந்தார். ஐரோப்பியர்கள் 1898ல் சூரிச்சில் கூடி மில்லிமீட்டர் மரைக்கு ஒரு முறை வகுத்தார்கள். இங்கிலாந்தும் தன் பங்குக்குச் சின்னத் திருகுகளுக்கு பி.ஏ. என்றும், 1908ல் நெருக்கமான மரைக்கு பி.எஸ்.எஃப். என்றும் சேர்த்துக்கொண்டது. 55ம் 60ம் சேரவில்லை என்பதன் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ஒரே அணியில் போரிட்ட நாடுகளின் எஞ்சின்களுக்கும் டாங்கிகளுக்கும் ஒருவர் போல்ட் மற்றவருக்கு உதவவில்லை. போர் முடிந்து 1948 நவம்பர் 18ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் வாஷிங்டனில் கையெழுத்திட்டு ஒருங்கிணைந்த மரையை உருவாக்கின. நெருக்க மரை யு.என்.எஃப்., அகல மரை யு.என்.சி. கோணம் 60 டிகிரி. பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் 1950களில் மெல்ல மெல்ல இதற்கு மாறின. ஹெரால்டில் பெரும்பாலும் இருப்பது இந்த யு.என்.எஃப். மரைதான்.

'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் வம்பு. லூகாஸ் கம்பெனி மின்சாதனங்களில் சின்னத் திருகுகள் பி.ஏ. மரை. அந்த பி.ஏ. ஒரு விசித்திரப் பிறவி. பிரிட்டிஷ்காரர்கள் செய்தது, ஆனால் அளவு மில்லிமீட்டரில்! பூஜ்ய நம்பர் பி.ஏ. திருகு 6 மி.மீ. தடிமன், 1 மி.மீ. இடைவெளி, கோணம் மட்டும் 47.5 டிகிரி. இன்றைய 6 மி.மீ. நட்டை அதில் ஏற்றினால் ஏறுவது போல நடிக்கும்.

இதைவிட வேடிக்கை மோரிஸ் எஞ்சின்களின் கதை. முதல் உலகப் போரில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்தது. போர் முடிந்ததும் மோரிஸுக்கு எஞ்சின் செய்துகொடுத்தது. 1923ல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். இயந்திரங்கள் எல்லாம் மில்லிமீட்டர் மரை வெட்டுபவை. மாற்றினால் பெரும் செலவு. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்குகளின் பெட்டியில் இருந்தது விட்வொர்த் ஸ்பேனர். என்ன செய்தார்கள்? மரையை மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டு, போல்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள்! எம்.ஜி. டி.சி., டி.டி. ரக ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின் வரை இந்தக் கலப்பு தொடர்ந்தது. அந்த போல்ட் ஒன்று தொலைந்தால் எந்தச் சாதாரணக் கடையிலும் கிடைக்காது. லேத்தில் கடைந்துதான் ஆகவேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். 1956ல் எடை அளவைச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆனால் ரோட்டில் ஓடிய கார்களின் வரைபடங்கள் அங்குலத்திலேயே இருந்தன. 1966ல் பாடியில் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் போன்ற கம்பெனிகள் வளர்ந்த காலம் இந்த இரட்டை வாழ்க்கைக் காலம். அதே ஊரில் ஓடிய ஃபியட் இத்தாலிய வம்சம், அதனால் மில்லிமீட்டர். ஹெரால்டும் அம்பாசடரும் அங்குலம். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகு தராசு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கே ஜப்பானின் இசுசு எஞ்சின் பொருத்தப்பட்டபோது, அங்குல உடலில் மில்லிமீட்டர் இதயம் என்று ஒரே காரில் இரண்டு ஸ்பேனர் செட் தேவைப்பட்டது.

மெக்கானிக் பெட்டியிலிருந்து அங்குல ஸ்பேனர்கள் மெல்ல மறைந்தன. ஒரு போல்ட் தொலைந்தால் கைக்குக் கிடைத்த 8 மி.மீ. போல்ட் உள்ளே போனது. அதாவது, போகவைக்கப்பட்டது. இரண்டரை நூல் போல்ட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. தடிமனில் 8 மி.மீ.க்கு ஏறக்குறைய சமம். ஆனால் யு.என்.எஃப். மரையின் இடைவெளி 1.06 மி.மீ., மெட்ரிக் மரையினுடையது 1.25 மி.மீ. இரண்டு சுற்று கையால் ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் போல்ட் பழைய மரையை அறுத்துக்கொண்டு தனக்கொரு வழி செய்துகொள்ளும். 'மரை கழண்டவன்' என்று ஆளைத் திட்டும் சொல் இப்படிப்பட்ட ஒரு பட்டறையில்தான் பிறந்திருக்கவேண்டும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பிரேக் பைப்பின் இணைப்பு நட்டு பழைய பிரிட்டிஷ் கார்களில் 3/8 அங்குலம், 24 மரை. மெட்ரிக் கார்களில் 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி. அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் தொளதொளவென்று போய், கடைசியில் இறுகியது போலக் காட்டும். உண்மையில் பிடித்திருப்பது மரையின் நுனி மட்டுமே. பிரேக்கை ஓங்கி மிதிக்கும் நாளில் அது கையை விரிக்கும். அதனால்தான் கார் புதுப்பிப்பவர்கள் ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றிலும் சமரசமே செய்வதில்லை.

சரியான போல்டை எப்படிக் கண்டுபிடிப்பது? தலையைப் பார்க்கவேண்டும். பிரிட்டிஷ் யு.என்.எஃப். போல்டின் பக்கவாட்டில் ஒட்டிய சின்ன வட்டங்கள் வரிசையாக இருக்கும், அல்லது தலையின் உச்சியில் வட்டப் பள்ளம் இருக்கும். தலை மேல் உள்ள எழுத்து பலத்தைச் சொல்லும். 'ஆர்' என்றால் சதுர அங்குலத்துக்கு 45 டன், 'எஸ்' என்றால் 50 டன், 'டி' என்றால் 55. மெட்ரிக் போல்டில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். எழுத்தோ எண்ணோ இல்லாத மொட்டைத் தலை போல்டை சஸ்பென்ஷனில் போடக்கூடாது. ஸ்பேனரும் ஒரு துப்பு. 5/16 யு.என்.எஃப். போல்டுக்கு அரை அங்குல ஸ்பேனர். 13 மி.மீ. ஸ்பேனரும் பொருந்துவது போலிருக்கும், ஆனால் 0.3 மி.மீ. இடைவெளியில் தலையின் மூலைகள் மழுங்கிப்போகும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்த எண்ணோ வாய் அகலமே அல்ல, போல்டின் தடிமன்! இதை அறியாமல் குழம்பாதவர்கள் குறைவு.

மரை கேஜ் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் தெரிந்த ஒரு போல்டையும் தெரியாத போல்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது பழைய வழி. மரைகள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து நடுவில் வெளிச்சம் தெரியாமல் இருந்தால் ஒரே இனம். நட்டு விரலாலேயே கடைசி வரை ஏறவேண்டும். கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தின் போல்டையும் தனிப் பையில் போட்டு, எந்த இடம், எத்தனை வாஷர் என்று எழுதிவைப்பது எல்லாவற்றையும்விட மேல். ஹெரால்டில் பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வைத்த தகடுகள் இடம் மாறினால் கதவு இடைவெளி கோணலாகிவிடும். அப்புறம் குறை போல்டில் இருப்பது தெரியாமல் கதவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

2021 ஜூலையில் மத்திய அரசு 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு முறையைக் கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது விதி. 1961 முதல் 1971 வரை தயாரான ஹெரால்டுகள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் ஹெரால்டு உடைபட்டபோது கதவும் கண்ணாடியும் விலைபோயின. போல்டுகள் இரும்பு எடைக்குப் போயின. இன்று தேடப்படுவது அவைதான்.

இத்தனை குழப்பத்திலும் ஒரே ஒரு மரை எல்லாக் கட்சிக்கும் பொது. ஸ்பார்க் பிளக்கின் மரை 14 மி.மீ. ஃபியட்டிலும் அதுதான், மாருதியிலும் அதுதான். அங்குலத்தில் பிறந்து அங்குலத்தில் வளர்ந்த ஹெரால்டிலும் அதுதான்.