இன்ஃப்ளூயன்சா திரிபும் வயதுவாரித் தடுப்பூசிப் பயனும்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

1. பொருள்

விருதுநகர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு காய்ச்சலும் இறங்கும். ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்தால் விசாரணை அதோடு முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் ‘மழைக் காய்ச்சல்’. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு இன்ஃப்ளூயன்சா. ஊசி போட்டும் ஏன் வந்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும்: ‘கிருமி மாறிவிட்டது’, ‘வயதாகிவிட்டது’. தனித்தனியே எடுத்தால் இரண்டும் அரைகுறை. எந்த வகைக் கிருமி, எந்த வயது என்று சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. கிருமி மாறும் விதம்

இன்ஃப்ளூயன்சா ‘ஏ’ கிருமியின் மரபுப்பொருள் எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ. அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் இல்லை. பிழைகள் சேரச் சேர, கிருமியின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் சிறிது சிறிதாக உருமாறுகிறது. பழைய எதிர்ப்பொருள்களுக்கு அது பிடிபடாமல் போகிறது. எச்3என்2 வகையில் இந்த நகர்வு மிக வேகம். இரு வேறு கிருமிகள் ஒரே செல்லில் கூடித் துண்டுகளை மாற்றிக்கொள்வது வேறு வகை மாற்றம். 1957, 1968, 2009 கொள்ளைநோய்களின் கிருமிகள் அப்படிப் பிறந்தவை.

எந்தத் திரிபுகளை ஊசியில் சேர்ப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. உற்பத்திக்கு ஏறத்தாழ ஆறு மாதம். அதற்குள் கிருமி நகர்ந்துவிடலாம். 2014-15இல் அமெரிக்காவில் எச்3என்2 அப்படி நகர்ந்தபோது ஊசியின் பயன் 19 சதவீதமாகச் சரிந்தது. கோழி முட்டையில் வளர்க்கும்போது கிருமி முட்டைக்கேற்பத் தானே மாறிக்கொள்வது இன்னொரு சிக்கல்.

நம் நாட்டுச் சான்று ஹரியாணாவின் பல்லப்கர் கிராமங்களில் கிடைத்தது. 2009 கடைசியில் தொடங்கி மூன்றாண்டு, ஆறு மாதம் முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஊசியின் பயனைச் சோதித்தார்கள். முதலாண்டு ஊசி, 2009இன் புதிய எச்1என்1 தோன்றுமுன் தீர்மானிக்கப்பட்டது. அவ்வாண்டு பயன் சுமார் 26 சதவீதம், அடுத்த ஆண்டு 41, மூன்றாமாண்டு 74. ஊசி போடும் முறை அதேதான், ஊர்களும் அவையேதான். ஓராண்டு ஊசியை வைத்து ‘பலிக்கும்’, ‘பலிக்காது’ என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்.

3. வயது

3.1 முதியோர்

2004 முதல் 2015 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வில், எல்லா வயதினரையும் சேர்த்து, ‘பி’ வகைக்கு எதிராக 54 சதவீதமும், 2009 வழிவந்த எச்1என்1க்கு எதிராக 61 சதவீதமும், எச்3என்2க்கு எதிராக 33 சதவீதமும் பயன் தெரிந்தது. அறுபது தாண்டியவர்களை மட்டும் பிரித்தபோது எச்3என்2க்கு எதிரான பயன் 24 ஆகக் குறைந்தது. ஆனால் எச்1என்1க்கு எதிராக 62, குறையவே இல்லை. முதுமையில் தடுப்பாற்றல் தளர்வது உண்மைதான். ஆனால் தளர்ச்சி மட்டுமே காரணமானால் இரண்டும் சேர்ந்தல்லவா விழுந்திருக்க வேண்டும்?

குழந்தைப் பருவத்தில் முதலில் சந்தித்த கிருமியின் நினைவு ஆயுள் முழுதும் தங்குகிறது என்பது ஒரு விளக்கம். 1918 முதல் 1957 வரை மனிதரிடையே உலவிய ‘ஏ’ வகை எச்1என்1தான்; எச்3என்2 வந்தது 1968இல். 1957க்கு முன் பிறந்த சிவகாசித் தாத்தாவுக்கு எச்3என்2 பெரியவரான பிறகு அல்லது வளர்ந்த பிள்ளையாக அறிமுகமான கிருமி. அவருக்கு வழக்கமான அளவைவிட நான்கு மடங்கு மருந்துள்ள ஊசி உதவும். 65 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில் அது சாதாரண ஊசியைவிட 24 சதவீதம் கூடுதல் பயன் தந்தது.

3.2 குழந்தைகள்

முதன்முறை ஊசி பெறும், ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஒன்றோடு நிறுத்துவது பாதி வேலை. 2025இல் எச்3என்2இன் ஒரு புதிய கிளை பரவியபோது பிரிட்டனில், மருத்துவமனைக்கு வரும் நிலையைத் தடுப்பதில் ஊசியின் பயன் குழந்தைகள், பதின்பருவத்தினரிடம் 70 முதல் 75 சதவீதமாகவும் பெரியவர்களிடம் 30 முதல் 40 ஆகவும் இருந்தது. (அங்கே பெரும்பாலான குழந்தைகளுக்குத் தருவது மூக்கில் பீய்ச்சும் மருந்து, ஆகவே முழு வேறுபாட்டையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது.) ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு ஊசியே இல்லை, கருவுற்ற தாய் போட்டுக்கொள்வதே அதற்குக் காப்பு.

3.3 உழைக்கும் வயதினர்

இவர்களுக்கு ஆபத்து குறைவு, பரப்பும் வாய்ப்பு அதிகம். பட்டாசு ஆலையில் வெடிவிபத்து அச்சத்தால் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, ஓர் அறைக்குச் சிலரை மட்டுமே அனுமதிக்கிறார்கள். தொற்றுக்குத் தோதான இடம் அறை அல்ல, காலையிலும் மாலையிலும் நெருக்கியடித்து வரும் ஆலை வேன். அதில் வாங்கிய கிருமி வீட்டில் அப்பத்தாவுக்கும் அவர் பார்த்துக்கொள்ளும் பேரனுக்கும் போகிறது. கந்தகமும் அலுமினியத் தூளும் பல்லாண்டு சுவாசித்து நெஞ்சுக் கோளாறு வந்த தொழிலாளியானால் அவரும் ஆபத்துப் பட்டியலில் சேர வேண்டியவரே.

4. பருவம்

டெல்லி, புனே போன்ற ஊர்களில் இன்ஃப்ளூயன்சாவின் உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பர். வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கும் விருதுநகரும் இந்த இரண்டாம் வரிசையில்தான் சேரும். தீபாவளி நெரிசலும் அதே மாதங்களில். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். எனவே வடக்கே சொல்லும் ஏப்ரல், மே அட்டவணை இங்கே பொருந்தாது. பெரியவர்களுக்குச் செப்டம்பர், இரண்டு தவணைக் குழந்தைகளுக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே தொடக்கம்.

5. செய்ய வேண்டியது

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இன்ஃப்ளூயன்சா இல்லை. தனியாரிடம் ஓர் ஊசி என்பது தொழிலாளிக்குச் சில நாள் கூலி. எல்லோருக்கும் போடு என்பது வெறும் பேச்சு. ஆலை வேன்கள் போய்வரும் கிராமங்களில் கர்ப்பிணிகள், அறுபது கடந்தவர்கள், நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் என்ற வரிசையில் இலவசமாகத் தொடங்கலாம்.

பிறகு அளக்கவும் வேண்டும். காய்ச்சல், இருமலோடு வருபவர்களைச் சோதித்து, இன்ஃப்ளூயன்சா உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் ஊசி போட்டவர் எத்தனை பேர் என்று ஒப்பிடுவது உலகெங்கும் கையாளும் முறை. ஊசி போட்டவர்களே அரிதான ஊரில் அது வேலைக்காகாது. ஆகவே ஊசி முதலில், ஆய்வு பின்னால். 2022இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இதைச் சேர்ந்து எடுத்துச் செய்ய வேண்டும். பதிவேட்டில் வயதையும் கிருமி வகையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் குறிக்க வேண்டும்.