பெட்டியும் திறவுகோலும்: தனிவழித் தமிழ்த் திரைப்படம் - ஒரு வரலாற்று நோக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்னும் பெயரைத் தாங்கிய வளைவு ஒன்று நிற்கிறது. அதன் பின்னே ஒரு காலத்தில் இயங்கிய படப்பிடிப்புத் தளங்கள் இன்று இல்லை. ஆயினும் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகும் எவரும் அவ்வளைவைக் கடக்காமல் மேலே செல்ல இயலாது. அந்நிறுவனத்தை 1935ஆம் ஆண்டு தோற்றுவித்த டி.ஆர். சுந்தரம் நம் மல்லசமுத்திரத்துக்கு அண்மையிலுள்ள திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். தறி ஓடும் நிலத்தில் பிறந்த அவர், சென்னையை நாடாமல் சேலத்திலேயே முழுமையான படப்பிடிப்பு நிலையம் ஒன்றை அமைத்தார். அங்கிருந்து 1937இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் அந்நிறுவனத்தின் தயாரிப்பாகவே வந்தது. 'மந்திரி குமாரி' (1950), வண்ணத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எனத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கு உருவாயின.

இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே படம் பிடிக்கலாம். நம் ஊர் இளைஞர்கள் சேலத்துக்குக்கூடச் செல்ல வேண்டியதில்லை. அவ்வாறாயின், சுந்தரம் பெரும் பொருட்செலவில் பெற்ற தன்னுரிமை இன்று எல்லோருக்கும் எளிதில் கிடைத்துவிட்டதா? படம் எடுப்பது ஒரு தொழில். எடுத்த படத்தை மக்களிடம் சேர்ப்பது மற்றொரு தொழில். 'டிஜிட்டல்' என வழங்கும் எண்மத் தொழில்நுட்பம் முதலாவதை எளிதாக்கியது. இரண்டாவதை எளிதாக்கியதா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரு நிறுவனங்களையும் புகழ்பெற்ற நடிகர்களையும் சாராது, படைப்பாளியின் முடிவே இறுதி முடிவாக அமையும் படங்களை இங்குத் 'தனிவழிப் படங்கள்' எனக் குறிப்பிடுகிறேன்.

பெட்டி வந்த காலம்

தமிழகத்தில் திரைப்படக் காட்சியின் தொடக்கமே ஒரு தனி மனிதரின் முயற்சியாகும். திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதைத் துறையில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து காட்சிக் கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். கருவி, படம், கொட்டகை மூன்றும் அவருடையவை. எந்த ஊரில் காட்டுவது, எத்தனை நாள் காட்டுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

தொழில் வளர வளர இம்மூன்றும் மூவர் கைக்குப் பிரிந்தன. தயாரிப்பாளர் படத்தை எடுத்தார். திரையரங்க உரிமையாளர் கொட்டகையை வைத்திருந்தார். இடையில் விநியோகஸ்தர் தோன்றினார். தமிழகம் விநியோக ஏரியாக்களாகப் பகுக்கப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவை அடங்கிய பகுதியைத் திரைத்துறையினர் இன்றும் 'சேலம் ஏரியா' என்றே வழங்குகின்றனர். சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல். திரைப்பட வணிகத்தின் நிலப்படத்தில் அப்பிரிவினை இன்னும் நிகழவில்லை.

விநியோகஸ்தரின் வலிமை எதில் இருந்தது? பெட்டியில் இருந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு அடி. ஆயிரம் அடிச் சுருள்களாகக் கொண்டால் ஏறத்தாழப் பதினான்கு சுருள்கள். அவற்றை அடக்கிய தகரப் பெட்டிகளே 'படப்பெட்டி'. ஒவ்வொரு படியும் தனியே பணம் கொடுத்து எடுக்க வேண்டியது. ஆதலால் படிகளின் எண்ணிக்கை குறைவு. நகரில் ஓடி முடித்த பின்னரே பெட்டி சிற்றூருக்கு வரும். என் சிறுவயதில், எண்பதுகளின் இறுதியில், மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து டெண்ட் கொட்டகையில் படம் பார்த்த தலைமுறை நாங்கள். 'பெட்டி வந்துவிட்டதா?' என்பதே அன்றைய மாலைநேர வினா. சுருளில் மழைபோல் விழுந்த கோடுகளையும் படத்தின் பகுதி என்றே எண்ணியிருந்தோம்.

தனிவழி நாடியோர்

இந்த ஏற்பாட்டுக்கு உட்படாமல் படம் எடுக்க விரும்பியோர் அன்றும் இருந்தனர். 1960இல் நிமாய் கோஷ் இயக்கத்தில் வெளிவந்த 'பாதை தெரியுது பார்', பலர் பங்கு சேர்த்து உருவாக்கிய படம். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் அம்முயற்சியின் முன்னணியில் நின்றார். 1965இல் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 'உன்னைப்போல் ஒருவன்' படத்தைத் தந்தார். இரண்டும் தேசிய விருதுக்குரியவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. எனினும் வணிகத் திரையரங்குகளில் அவை நிலைபெறவில்லை. தில்லியில் பாராட்டப்பெற்ற தமிழ்ப் படத்தைத் தமிழ்ச் சிற்றூர் காணவில்லை என்னும் முரண் அன்றே தொடங்கிவிட்டது.

தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம், இம்முரணுக்குக் கேரளத்தில் ஒரு விடை கண்டார். 'ஒடேசா' என்னும் குழுவை நண்பர்களோடு அமைத்து, ஊர் ஊராகச் சென்று படங்களைக் காட்டி மக்களிடம் சிறுதொகைகள் திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார். முடிந்த படத்தையும் அம்மக்களிடமே கொண்டுசென்று காட்டினர். தயாரிப்பும் விநியோகமும் ஒரே கையில், அதாவது பார்வையாளரின் கையில் இருக்க வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்பொருள். அடுத்த ஆண்டே ஜான் மறைந்தாலும் அவர் காட்டிய வழி இங்கு நினைவுகூரத்தக்கது.

எண்மத்தின் வருகை

தொழில்நுட்ப மாற்றத்தின் தொடக்கத்தில் சென்னைக்கும் பங்குண்டு. 1986இல் அங்குத் தொடங்கப்பெற்ற ரியல் இமேஜ் நிறுவனம், கணிப்பொறிவழிப் படத்தொகுப்பை இந்தியத் திரையுலகுக்கு அறிமுகம் செய்தது. 1994இல் வெளிவந்த 'மகாநதி' அம்முறையைக் கையாண்ட முன்னோடிப் படம். பி.சி. ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்' (2004), 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) ஆகியவை படச்சுருளின்றி எண்மக் கருவியால் எடுக்கப்பெற்றன. 2012 சனவரியில், படச்சுருளுக்கே மறுபெயராக விளங்கிய கோடக் நிறுவனம் கடன்சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஒரு நூற்றாண்டின் பொருள் கண்முன்னே பழம்பொருளாயிற்று.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. சுருளின் விலைக்கு அஞ்சி ஒரு காட்சியை இரண்டாம் முறை எடுக்கத் தயங்கிய நிலை மாறியது. நடித்துப் பழகாத சிற்றூர் மக்களைக் கொண்டு, பொறுமையாகப் பலமுறை எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. பெரிய ஒளியமைப்பு இன்றி, உண்மையான வீட்டில், உண்மையான வெயிலில் படம் பிடிக்க இயன்றது. அண்மைக்கால மாற்றுப் படங்களில் நாம் காணும் முகங்களும் நிலங்களும் இந்த எளிமையின் கொடை எனலாம்.

திறவுகோல் யார் கையில்?

எண்மக் காட்சிமுறை திரையரங்குகளுக்கும் வந்தது. ரியல் இமேஜ் நிறுவனம் 2005 முதல் 'கியூப்' என்னும் முறையைப் பரப்பியது. வேறு நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. பெட்டிக்கு மாறாக, படம் வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ திரையரங்குக்கு வருகிறது. வந்த படம் பூட்டப்பட்டிருக்கும். இன்ன திரையில், இன்ன நாள்முதல் இன்ன நாள்வரை எனக் குறித்து அனுப்பப்படும் எண்மத் திறவுகோல் இருந்தாலன்றி அது திறவாது.

இங்கு இரண்டு விளைவுகள் நோக்கத்தக்கன. முதலாவது, கட்டணம். புதிய கருவிகளைத் திரையரங்குகளில் நிறுவிய செலவை ஈடுசெய்ய, ஒவ்வொரு திரைக்கும் தயாரிப்பாளரிடம் ஒரு தொகை பெறப்பட்டது. பழைய படிச்செலவைவிட இது குறைவே. எனினும் கருவியின் விலை தீர்ந்த பின்னும் ஏன் தொடர்கிறது எனத் தயாரிப்பாளர்கள் வினவினர். இதனை முன்னிட்டுத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2018 மார்ச் 1 முதல் புதிய படங்களின் வெளியீட்டை நிறுத்தியது. ஒன்றரை மாதத்துக்கு மேல் நீண்ட அப்போராட்டம், கட்டணக் குறைப்பு உடன்பாட்டோடு ஏப்ரலில் முடிந்தது.

இரண்டாவது விளைவு அதிகம் பேசப்படாதது. ஆனால் முதலாவதைவிடக் கடுமையானது. பெட்டிகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தமையால் முன்னாளில் பெரிய நடிகரின் படமும் ஒரே நாளில் எல்லா ஊர்களையும் எட்ட இயலவில்லை. அது ஓர் ஊரில் ஓடும்போது அடுத்த ஊரின் கொட்டகையில் வேறு படத்துக்கு இடம் இருந்தது. படியெடுப்பது எளிதானதும் ஒரே படம் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான திரைகளை நிறைக்கலாயிற்று. ஆக, படி மலிந்ததன் பெரும்பயன் சிறிய படத்துக்கன்றிப் பெரிய படத்துக்கே சென்றது. சிறிய படத்துக்குக் கிடைத்தது பிற்பகற் காட்சி ஒன்று. வெள்ளியன்று வந்து, அது வந்த செய்தி பரவுமுன் திங்களன்று நீங்கிவிடும். இதே காலத்தில் சிற்றூர்க் கொட்டகைகள் பல கலியாண மண்டபங்களாகவும் சரக்குக் கிடங்குகளாகவும் மாறின.

வீட்டுக்கு வந்த திரை

திரையரங்கைக் கடந்து செல்லும் முயற்சிகளும் நடந்தன. 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் முன்னதாகவே காட்ட எடுத்த முடிவு, திரையரங்க உரிமையாளரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2015இல் இயக்குநர் சேரன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைக் குறுந்தகடாக வீடுகளுக்கே விற்கும் திட்டத்தைத் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. 2020 மே மாதம், பெருந்தொற்றால் அரங்குகள் மூடியிருந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக இணையத் தளத்தில் வெளியானது. அன்றுமுதல் அவ்வழி நிலைத்த வழியாயிற்று.

தனிவழிப் படங்களுக்கு இதனால் விடிவு வந்ததா? செழியனின் 'டு லெட்' 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றும் 2019 பிப்ரவரியில்தான் திரையரங்கை அடைந்தது. மதுரை மாவட்ட வறண்ட நிலத்தில் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவின் உயரிய புலி விருதைப் பெற்றது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் விருதுக்கும் அனுப்பப்பட்டது. நெதர்லாந்து நாட்டினர் கண்ட அப்படத்தைத் தமிழ்நாட்டினர் இணையத்தில் காண 2023 அக்டோபர் ஆயிற்று.

நமக்கு இன்னும் நெருக்கமானது 'சேத்துமான்'. பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையைத் தழுவித் தமிழ் இயக்கிய அப்படத்தை நீலம் நிறுவனம் தயாரித்தது. அதில் ஒலிப்பது நம் மேற்குப் பகுதியின் பேச்சு. அதிலுள்ள தாத்தாவையும் பேரனையும் நாம் சாலையோரத்தில் நாள்தோறும் காண்கிறோம். 2022 மே மாதம் அது நேரே இணையத் தளத்தில் வெளியானது. சந்தா செலுத்தியோர் தத்தம் அறையில் தனியே பார்த்தனர். அக்கதைக்குரிய மக்கள் ஒரு கொட்டகையில் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் முகத்தை மற்றவர் நோக்கும் சங்கடத்தோடு அதைப் பார்க்கவில்லை. சாதியைப் பற்றிய படத்துக்கு அந்தச் சங்கடம் இன்றியமையாதது என்பது என் துணிபு.

பெட்டியின் இடத்தில் இன்று தளம் அமர்ந்திருக்கிறது. எதை வாங்குவது, எதை முகப்பில் காட்டுவது, எப்போது நீக்குவது என்பன தொலைவிலுள்ள அலுவலகங்களில் முடிவாகின்றன. நெறியாளும் கை மாறியது. நெறியாளப்படும் நிலை மாறவில்லை. இதற்கு மாற்றாக 2024 மார்ச்சில் கேரள அரசு 'சி ஸ்பேஸ்' என்னும் தளத்தைத் தொடங்கியது. மாநில அரசொன்று இத்துறையில் இறங்கியது இந்தியாவில் அதுவே முதன்முறை. பார்க்கும் படத்துக்கு மட்டும் கட்டணம், அதில் தயாரிப்பாளருக்குப் பங்கு என்பது அதன் முறை. தமிழகமும் எண்ணிப் பார்க்கத்தக்க வழி இது.

கூத்தரும் ஆற்றுப்படையும்

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர், விசைத்தறிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், இரவுநேரத் தறிப்பட்டறையைப் பற்றி நாற்பது நிமிடப் படம் ஒன்றைத் தொலைபேசியிலேயே எடுத்து முடித்தார். "எடுத்துட்டேங்கம்மா, எங்க காட்டறதுன்னுதான் தெரியலைங்க" என்றார். இணையத்தில் ஏற்றியிருந்தார், சில நூறு பேர் பார்த்ததாகக் கணக்குக் காட்டியது. அவர்கள் யார், முழுமையாகப் பார்த்தனரா என்பதை அக்கணக்குக் காட்டவில்லை. நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் வெள்ளைத் துணியைக் கட்டி அதைக் காட்டினோம். எழுபது பேருக்கு மேல் வந்திருந்தனர். பாதிப்பேர் தறி ஓட்டுவோர். படம் முடிந்ததும் மூதாட்டி ஒருவர் எழுந்து, "தறிச் சத்தத்துக்குள்ள பேசறவங்க இப்பிடி மெதுவாவா பேசுவாங்க?" என்று கேட்டார். அவ்வினாவை எந்த விழாவின் நடுவரும் கேட்டிருக்க மாட்டார். அம்மாணவர் தம் இரண்டாம் படத்தில் ஒலியை முற்றிலும் மாற்றியமைத்தார்.

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழிகாட்டுவதே அவ்விலக்கிய வகை. 'மலைபடுகடாம்' கூத்தராற்றுப்படை என்றே பெயர் பெற்றது. கூத்தன் எத்துணைச் சிறந்தவனாயினும் வழி தெரியாவிடில் அவன் கலை அரங்கேறாது என்பதை அப்புலவர்கள் அறிந்திருந்தனர். இன்றைய கூத்தனுக்குக் கருவி உண்டு; வழிதான் இல்லை. அவ்வழியைச் சொல்ல வேண்டியோர் படத்தைக் கண்டு மீண்டவராகிய பார்வையாளரே.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்துக்கு ஒரு வேண்டுகோளோடு இதனை முடிக்கிறேன். ஆண்டுக்கு நான்கு தனிவழிப் படங்களையேனும், உரியவரின் இசைவோடும் அவருக்குரிய தொகையோடும், நம் ஊரில் ஒன்றுகூடிக் காண்போம். முதற்படமாகச் 'சேத்துமான்' அமையட்டும். திருச்செங்கோட்டார் ஒருவர் ஏற்காடு சாலையில் எழுப்பிய தளங்கள் மறைந்தன. படத்தை ஒன்றாய் அமர்ந்து பார்க்கும் வழக்கத்தையேனும் நாம் மறையவிடலாகாது.