ஒசாகாவில் மூடுபனி

கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் யந்திரத்தைப் பார்த்துப் பிரமிக்கிறார்கள், அல்லது பயப்படுகிறார்கள். 1970ல் ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்ஸி கம்பெனிக்காக அமைந்த மண்டபம் இந்த இரண்டுக்கும் வெளியே நின்றது. அதன் சரித்திரம் நமக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

அதைச் செய்தவர்கள் 'கலையிலும் தொழில்நுட்பத்திலும் சோதனைகள்' என்ற அமைப்பினர். பெல் ஆராய்ச்சிக்கூடத்துப் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்கும் வேறு இருவரும் 1966ல் நியூயார்க்கில் தொடங்கியது. ஏற்கெனவே தீர்மானமாகியிருந்த வெள்ளைக் குவிமாடம் இவர்களுக்குப் பிடிக்கவில்லை. இடிக்க முடியாது, மறைக்கலாம். மறைக்கும் வேலை ஃபுஜிகோ நகாயாவுக்கு வந்தது. 1936ல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகம் வளர்த்த பௌதிக விஞ்ஞானி உகிசிரோ நகாயாவின் மகள் இவர். ரசாயனப் புகை கூடாது, மனிதர்கள் உள்ளே நடந்து சுவாசிக்கக்கூடிய சுத்தமான நீரே வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கலிபோர்னியாவின் தாமஸ் மீ வழி கண்டார்: நுண்துளையுள்ள 2520 குழல்முனைகள் வழியே அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்துவது. யந்திரம் அவ்வளவுதான். மிச்சத்தை ஒசாகாவின் காற்றும் வெயிலும் ஈரப்பதமும் செய்தன.

பொறியாளர் கட்டுப்படுத்தியது நீர்த்துளியின் அளவை. உருவம் காற்றின் பொறுப்பு. கல்லையும் வெண்கலத்தையும் வைத்துச் சிற்பம் என்ற சொல்லுக்கு நாம் கொடுத்துவந்த அர்த்தம் இங்கே உடைகிறது. உள்ளே 90 அடி விட்டத்தில், அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளாலான கோள ஆடி. பார்வையாளன் தலைக்குமேல் தன்னையே தலைகீழாக, கனபரிமாணத்துடன் கண்டான். கையிலிருந்த ஒலிக்கருவியில், தரையின் பொருள் மாறமாறச் சப்தமும் மாறியது. பார்க்க வந்தவன் இல்லாமல் படைப்பு பூர்த்தியாகாது.

நிகழ்ச்சிகளைக் கலைஞர்களே நடத்துவதாக ஏற்பாடு. இயக்கச் செலவில் தகராறு வந்தது. கண்காட்சி தொடங்கிய சில வாரங்களிலேயே கம்பெனி அவர்களை விலக்கிவிட்டுத் தானே நடத்திக்கொண்டது. தினமும் பேரேட்டில் பற்று வரவு எழுதுகிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நாளுக்கு நாள் மாறும் ஒன்றை எந்தப் பத்தியில் சொத்தாகக் காட்டுவது?

கம்பெனியின் துரோகம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தப் பனியும் இல்லை. தபால்தலைக்குக் கைக்காசு போடுகிற நாம் இதை எளிதாக ஏளனம் செய்துவிடக்கூடாது. காசு கொடுத்தவர்கள் ஒரு மண்டபத்தை வாங்கியதாக நினைத்தார்கள். கலைஞர்கள் ஆறு மாதச் சோதனை ஒன்றைத் தொடங்கியதாக நினைத்தார்கள். தகராறின் வேர் அங்கே இருக்கிறது.

மீயின் முறை பிற்பாடு பசுங்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. நகாயா பனியை விடவில்லை. 1998ல் பில்பாவோ நகரத்துக் கூகன்ஹைம் மியூசியத்தின் நீர்ப்பரப்பிலும் அதை எழுப்பினார். அங்கேயும் உருவம் காற்றின் வசம்தான்.