தொட்டுக்க என்ன இருக்கு?

வைன் குடிப்பவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. மீனுக்கு வெள்ளை வைன், ஆட்டுக்கறிக்குச் சிவப்பு வைன் என்று பொருத்தம் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். "உனக்கு எது பிடிக்குதோ அதைக் குடி, அவ்வளவுதான்" என்பவர்கள் மறுபக்கம். முதல் தரப்புக்கு வேதியியல் துணை நிற்கிறது. 2009ல் ஜப்பானின் மெர்ஷியன் நிறுவன ஆய்வாளர்கள், மீனோடு சிவப்பு வைன் குடித்தால் வாயில் கவுச்சி ஏறுவதற்கு வைனில் உள்ள இரும்புதான் முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். இரண்டாம் தரப்புக்கு நாக்குதான் துணை. என் நாக்கு உங்கள் நாக்கு இல்லையே.

இந்தச் சண்டையைக் காஞ்சிபுரத்துக்கு இழுத்து வந்து பார்க்க எனக்கு ஆசை. கோயில், பட்டு, இட்லி என்று நாம் அறிந்த ஊருக்கு இது ஒட்டாத பேச்சு மாதிரி தோன்றலாம். ஆனால் குடியையும் தீனியையும் ஜோடி சேர்த்துப் பேசும் பழைய நூல்களில் இரண்டு இந்த ஊரைச் சேர்ந்தவை.

முதலாவது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் வழி சொல்லும் பாட்டு. வழி என்றால் சாப்பாட்டு வழியும்தான். எயினர் வீட்டில் உடும்புக்கறி, மருதத்தில் கோழியோடு சோறு, அந்தணர் வீட்டில் மாதுளங்காயும் மாவடுவும். வலைஞர் குடியிருப்புக்கு வந்தால் மது. அதன் செய்முறையையே புலவர் சொல்லிவிடுகிறார்: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளை அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. கூடவே சுட்ட மீன். நீர்ப்பெயற்று என்ற துறைமுகப் பட்டினத்தைத் தாண்டிய பிறகு இன்னொரு ஜோடி: காரமான நறவும் கொழுத்த பன்றிக்கறியும்.

அந்தப் பன்றி எங்கே வளர்கிறது என்பதைக் கவனியுங்கள். கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது. பெட்டைகளும் குட்டிகளும் அதில் புரள்கின்றன. ஆண் பன்றியைத் தனியே குழியில் நிறுத்தி, நெல் மாவு தீற்றிக் கொழுக்க வைக்கிறார்கள். கள்ளும் கறியும் ஒரே முற்றத்திலிருந்து வருகின்றன. மீனவருக்கு மீனும் அரிசி மதுவும் அப்படித்தான். இங்கே பொருத்தத்தை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் என்ன இருந்ததோ அதுவே பொருத்தமானது. ஐரோப்பாவின் பழைய ஜோடிகள் பலவும் இப்படி அக்கம்பக்கத்தில் பிறந்தவையே. பிறகுதான் அவை சட்டமாயின.

எதிர் உதாரணமும் சங்கப் பாடலிலேயே இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் நல்ல ஜாடிகளில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மது ஜாடித் துண்டுகள் கிடைத்தன. பாட்டில் இந்த மதுவுக்குத் தொட்டுக்க எதுவும் இல்லை. கடல் தாண்டி வந்த சரக்கு, தன் ஊர்ச் சாப்பாட்டைக் கூட்டி வரவில்லை. பொற்கிண்ணமே அதற்குப் போதுமாக இருந்தது.

இரண்டாவது நூல், காஞ்சியை ஆண்ட பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மத்தவிலாச பிரகசனம்' என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகம். கதை காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. கபாலிகன் சத்தியசோமன் மதுக்கடையை வேள்விச் சாலையாகவே பார்க்கிறான். மது சோமரசமாம், குடிகாரர்கள் வேள்வி செய்பவர்களாம், சுட்ட கறி முதலான 'உபதம்சம்' சிறப்பு அவியாம். உபதம்சம் என்றால் குடிக்கும்போது கடித்துக்கொள்வது. நம்ம சைட் டிஷ்ஷேதான்! அவனுடைய மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகும்போதும் அதில் இருந்தது சுட்ட கறி. எடுத்தது நாயாகவோ பௌத்தத் துறவியாகவோ இருக்கும் என்று சந்தேகப்படுகிறான்.

அந்தத் துறவி நாகசேனன்தான் எனக்கு முக்கியம். வணிகன் வீட்டில் மீனும் கறியுமாக விருந்து முடித்து வருகிறான். இவ்வளவையும் அனுமதித்த புத்தர் மதுவையும் பெண்ணையும் மட்டும் விட்டிருப்பாரா, பொறாமை பிடித்த கிழத் துறவிகள்தான் நூலிலிருந்து எடுத்திருப்பார்கள் என்று புலம்புகிறான். பிறகு மது அவன் முன்னாலேயே வரும்போது ஆசையில் நாக்கு ஊறுகிறது. தடுப்பது ஒன்றுதான்: ஜனங்கள் பார்ப்பார்கள். பல்லவ ராஜா கேலிக்காக எழுதியது. ஆனாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. நாகசேனனுக்கு எது பிடிக்கும் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. அதைச் சொல்லத்தான் அவனுக்கு இடம் இல்லை.

"பிடித்ததைக் குடி" என்ற வாசகம் இதனால்தான் எனக்குப் பாதி உண்மையாகவே படுகிறது. விருப்பம் என்பது நாக்கோடு முடிவதில்லை. யார் குடிக்கலாம், எதைக் குடிக்கலாம் என்று யாரோ முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. 1983ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் 2003ல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. இன்று காஞ்சிபுரத்தில் கடை ஜன்னலில் கைநீட்டுகிற ஒருவர், இருக்கிற சரக்கில் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊறுகாயோ சுண்டலோ தேடுகிறார். இதில் பொருத்தமும் இல்லை, பெரிய விருப்பமும் இல்லை. பாணனுக்குக் காட்டிய அரிசி மதுவோ அந்தக் கடையில் கிடைக்காது. சுட்ட மீன் மட்டும் இன்னமும் கிடைக்கிறது.